வட்டி இறங்கும் என்று சூடம் அணைக்கச் சொன்னார்

இதை எழுத உட்காருவதும், எழுந்துவிடுவதுமாகச் சில வருடங்கள் போய்விட்டன. ஓய்வு பெற்ற புதிதில் ஒருமுறை பாதிவரை எழுதி, மனம் கேட்காமல் கிழித்துப் போட்டேன். இதில் வருகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். நான் ஏறும் புளத்கொகுபிட்டிய பஸ்ஸில்தான் அவர்களும் ஏறுகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

ஆனால் போன மாதம் பென்சன் அலுவலாக நம் கடன் நிறுவனத்தின் கிளைப் பக்கம் வந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கவுண்டரில் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "இப்ப வட்டி நல்லா எறங்கிக் கெடக்கு அம்மா. வீடு கட்ட இதான் நேரம்" என்றார். சிரித்த முகம், மரியாதையான பேச்சு. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனாலும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, முருகனுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, நான் பெரிய படிப்பாளி இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு முடிந்தது. றப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். வீட்டுக் கடன் கொடுக்கும் இந்தச் சின்ன நிறுவனத்தில் பியூனாகச் சேர்ந்து, கள உத்தியோகத்தராக வெளியே வந்தேன். சிங்களமும் தமிழும் சரளமாக வரும் என்பதால்தான் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

நான் சேர்ந்த காலத்தில் இருந்த முகாமையாளர் ஒரு சிங்களவர், பழைய ஆள். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடன் பிரிவுக்கு யார் புதிதாக வந்தாலும் முதலில் கடன் கோப்புகளைக் காட்டமாட்டார். வைப்புப் பணம் வாங்கும் கவுண்டருக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் சும்மா நிற்கவைப்பார். பென்சன் எடுத்த வாத்தியார், மகன் கட்டாரில் இருந்து அனுப்பியதைக் கொண்டுவரும் தாய், மாவனல்லையில் இருந்து வரும் துணிக்கடை முதலாளி என்று ஒவ்வொருவராக வருவார்கள். அவர் தன்னுடைய உடைந்த தமிழில் சொல்வார்: "இந்த மூஞ்சி எல்லாம் நல்லா பாத்துக்கோ. நாளைக்கு நீ கடன் குடுக்கிறது ஒன்ட காசு இல்ல. இவங்கட காசு."

அந்த நாட்களில் கால் வலித்ததைத் தவிர எனக்கு வேறொன்றும் விளங்கவில்லை. பழனியாண்டியின் வீடு கைவிட்டுப் போன அந்த வருடத்தில்தான் விளங்கியது.

பழனியாண்டி தோட்டத்து றப்பர் பெக்டரியில் ரோலர் மெசினில் நிற்பவர். மனைவி புஷ்பம் றப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அன்றைக்குப் பேரும் இல்லை, கூலியும் இல்லை. ஒரே பிள்ளை சசிகலா, படித்து டீச்சரானவள். நானும் அவரும் தோட்டத்தின் ஒரே டிவிசன். என்னை அவர் அண்ணே என்பார், பிள்ளை பெரியப்பா என்பாள். ரத்த உறவு கிடையாது, ஆனாலும் அப்படித்தான்.

தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சொந்தக் காணி என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். நாலு தலைமுறை இருந்தாலும் லயத்து அறை, அந்தக் காம்பிரா, தோட்டத்துக்குத்தான் சொந்தம். அவர் பரம்பரையில் முதல்முதலாக உறுதி, அதாவது பத்திரம் எழுதி, தன் பெயரில் பத்து பேர்ச் நிலம் வாங்கியவர் பழனியாண்டிதான். தோட்டத்து எல்லையைத் தாண்டி, ரோட்டோரமாக இருந்தது அந்தக் காணி. அதில் வீடு கட்ட நம் கிளையில் கடன் எடுத்தார். கொரோனாக் காலத்தில் வட்டி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. முதல் இரண்டு வருடத்துக்கு வட்டி மாறாது, அதற்குப் பிறகு சந்தை வட்டி. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. நான் அதைத் தமிழில் வரிவரியாகச் சொன்னேன்.

"ரெண்டு வருசம் கழிச்சு ஏறினா என்ன பண்ணுவே பழனி?" என்று கேட்டேன்.

"ஏறினா எறங்காதாண்ணே? றப்பர் வெல மாதிரித்தானே" என்று சிரித்தார்.

"றப்பர் வெல எறங்கினா நீ அழுவே. இது ஏறினா அழுவே" என்றேன். புஷ்பமும் சிரித்தாள். "எதுக்கும் அழுகறதுக்கு ஒரு ஆள் வேணும்ல வீட்டுல" என்று புருசனைக் காட்டினாள்.

வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சும் நாளில் நான் போயிருந்தேன். பொங்கி வழிந்த பாலைப் பார்த்து அந்த மனுசன் வாய்விட்டு அழுதார். சந்தோசத்தில்தான்.

பிறகு நடந்தது நாடறிந்த கதை. கையில் டொலர் இல்லை. ரூபாய் சரிந்தது. எண்ணெய், மா, காஸ், மருந்து எல்லாம் டொலரில் வருகிறவை, அதனால் எல்லாவற்றுக்கும் விலை ஏறியது. சாமான் விலை அப்படிப் பறக்கும்போது, பணத்தின் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்துவதற்காகக் கொழும்பில் மத்திய வங்கி வட்டியை ஏற்றுகிறது. அரசாங்கமும் தன் செலவுக்குப் பணம் தேடித் திறைசேரி உண்டியல் என்ற தன் கடன் பத்திரத்துக்கு வட்டியை அள்ளிக் கொடுக்கிறது. அங்கே அவ்வளவு கிடைக்கும்போது, நம்மிடம் பணம் போட்டவர் சும்மா இருப்பாரா? "கூட்டித் தாங்க, இல்லாட்டி எடுத்துடுவேன்" என்பார். கூட்டிக் கொடுக்க வேண்டும். கொடுத்ததைக் கடன்காரரிடம் வாங்க வேண்டும். கொழும்பில் போட்ட கல்லின் அலை, கேகாலை மலைக்குள் ரோலர் மெசினில் நிற்கும் ஒருவரின் சோற்றுக்கோப்பையில் வந்து அடித்தது அப்படித்தான். அதே வருடம்தான் அவருடைய இரண்டு வருடக் கெடு முடிந்தது. மாதத் தவணை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

அவர் முதன்முதலாக அந்தப் புதுத் தவணையைப் பற்றிக் கேட்க வந்த காலையை நான் மறக்கமாட்டேன். பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு சிங்கள டீச்சர் அம்மா இருந்தார். நிலையான வைப்பைப் புதுப்பிக்க வந்தவர். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "அனே மாத்தயா, ஐயா, இந்த வட்டி வந்ததாலதான் நான் பிரசர் மருந்து வாங்குறேன். மருந்து வெல என்னன்னு தெரியும்தானே? இத மட்டும் கொறைச்சிடாதீங்க."

பழனியாண்டிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எல்லாம் காதில் விழுந்தது. டீச்சர் அம்மா எழுந்து போகும்போது, அவருடைய குடையை எடுத்துக் கொடுத்து, வாசல் வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தம்மாவுக்கு மருந்து, எனக்கு வெசம். ஒரே போத்தல்ல" என்றார்.

பழைய முகாமையாளர் என்னை ஏன் அந்தக் கவுண்டர் பக்கத்தில் நிற்கவைத்தார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வட்டி ஏறினால் எல்லாருக்கும் கேடு, இறங்கினால் எல்லாருக்கும் நன்மை என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். இரண்டு பக்கத்திலும் ஆள் உட்கார்ந்திருக்கிறது.

சில மாதம் இழுத்துப் பிடித்தார்கள். புஷ்பத்தின் தோடு போனது. சசிகலாவின் சம்பளம் அரிசிக்கும் மாவுக்குமே பறந்தது. நிலுவை விழ ஆரம்பித்தது. அப்போதிருந்த முகாமையாளர், அவரும் நல்லவர்தான், என்னைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். ஒரு வருடத்துக்குப் பழைய தவணையையே கட்டலாம். கட்டாமல் விடும் மீதி வட்டி கடனோடு சேரும். கடன் காலம் நீளும். ஆனால் பழனியாண்டிக்கு அறுபது வயதைத் தாண்டிக் கடன் போவதால், சம்பளம் வாங்கும் இளையவர் ஒருவர் சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டும். அது சசிகலாதான்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த வருடத்துக்குள் வட்டி இறங்கினால் வீடு தப்பிவிடும். இறங்காவிட்டால், முந்தியதை விடப் பெரிய கடன் அந்தப் பிள்ளையின் தலையில் வந்து உட்காரும். அவ்வளவுதான் விசயம். எல்லாம் வட்டி எந்தப் பக்கம் போகும் என்பதில் தொங்கியது.

நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பூச்சுப் பூசாத சுவர்தான், ஆனால் தரையைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தாள் புஷ்பம்.

"நான் வைக்கிறேன் பெரியப்பா, எங்க வைக்கணும்?" என்றாள் சசிகலா. உடனேயே சொன்னாள்.

"நீ வைக்க மாட்டே" என்றார் பழனியாண்டி.

"ஏம்ப்பா? நானும் இந்த வீட்டுலதானே இருக்கேன்?"

"இன்னிக்கு இருக்கே. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போறவ. கடனோடயா கட்டிக் குடுப்பேன்? அண்ணே, எங்க பாட்டனோட அப்பன் கங்காணிகிட்ட பட்ட கடன் எங்க பாட்டன் தலையில ஏறுச்சு. அந்தாளு வேற தோட்டத்துக்குப் போகணும்னாலும், கடன் எழுதின துண்டும் கூடவே போச்சாம். எங்க அப்பன் சாகும்போது என் கையப் புடிச்சிக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'கடன் வைக்காம போறேண்டா'ன்னாரு. அவருகிட்ட வேற ஒண்ணும் இல்ல, அதான் சொத்து."

புஷ்பத்துக்குக் கோபம் வந்தது. "செத்தவங்க பேச்சயே பேசிக்கிட்டு இருங்க. இருக்கிறவங்க எங்க படுக்கிறது? உங்க தம்பி லயத்துலயா?"

வெளியில் லொறி ஒன்று போனது.

பழனியாண்டி என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க எத்தன வருசமா இந்த வட்டியப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? நீங்க சொல்லுங்க. எறங்குமா, எறங்காதா?"

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். சாமான் விலை ஏறுகிற வேகம் கொஞ்சம் தணிந்த மாதிரி இருக்கிறது, வெளிநாட்டுக் கடன் பேச்சு நடக்கிறது, அது சரிவந்தால் இறங்கலாம் என்றேன். பேச்சு முறிந்தால், ரூபாய் இன்னொருமுறை சரிந்தால், இன்னும் ஏறலாம் என்றேன். இறங்கினாலும் நம் கிளையில் மெதுவாகத்தான் இறங்கும், ஏனென்றால் கூடிய வட்டிக்கு வாங்கிய வைப்புகள் தவணை முடியும்வரை நாம் அந்த வட்டியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். "எறங்கலாம், ஏறலாம். இத சோசியக் கிளியே சொல்லுமேண்ணே" என்றார். பிறகு எழுந்து சட்டையைப் போட்டார். "வாங்க, கோயிலுக்குப் போவோம்."

அன்று வெள்ளிக்கிழமை. மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. நகை காணாமல் போனாலோ, சீட்டுக் காசில் சந்தேகம் வந்தாலோ, பொலிசுக்குப் போகமாட்டார்கள். அம்மன் முன்னால் சூடம் கொளுத்துவார்கள். சொல்கிறவர் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். அதற்குமேல் ஒருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. நானும் அந்த நம்பிக்கையில் வளர்ந்தவன்தான். இன்றைக்கும் அப்படித்தான்.

பழனியாண்டி கல்லின் மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

"ஒரு வருசத்துக்குள்ள வட்டி எறங்கும்னு அணைச்சு சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா போதும். பிள்ளைய கையெழுத்து வைக்கச் சொல்றேன். அதுக்கப்புறம் என்ன வந்தாலும் உங்கள ஒண்ணும் கேக்கமாட்டேன்."

"அப்பா, பெரியப்பாவப் போய்..." என்று சசிகலா தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

புஷ்பம் எனக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "சொல்லிருங்கண்ணே. தப்பா இருந்தாலும் ஆத்தா மன்னிச்சிருவா. நான் மாவெளக்கு போடுறேன். மண்சோறு சாப்புடுறேன். உங்க பாவத்த நான் தீத்துக்கிறேன். ஒரு வார்த்த சொல்லிருங்க."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நமக்குப் பயிற்சி வகுப்பில் எவ்வளவோ சொல்லித் தருகிறார்கள். எரிகிற சூடத்துக்கு முன்னால் நின்று வட்டியின் போக்கைச் சொல்லச் சொன்னால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. என் மனது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கேட்டால், இறங்கும் என்ற பக்கம்தான் கொஞ்சம் சாய்ந்தது. ஆனால் சாய்வது வேறு, தெரிவது வேறு. நான் சாய்ந்ததை நம்பி அந்தப் பிள்ளை கையெழுத்து வைத்து, வட்டி இன்னும் ஏறிவிட்டால்? அவளுக்கு வரும் வரன் எல்லாம் அந்தக் கடனைக் கேட்டுத் திரும்பிப் போனால்?

கையை நீட்டினேன். சூடத்தின் சூடு உள்ளங்கையில் பட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

"எறங்கும்னுதான் மனசு சொல்லுது பழனி. ஆனா எனக்குத் தெரியாது. தெரியாதத தெரியும்னு ஆத்தா முன்னுக்குச் சொல்லமாட்டேன்."

சூடம் தானாக எரிந்து முடிந்தது. நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சரிண்ணே" என்றார் பழனியாண்டி. அவர் குரலில் கோபம் இல்லை. "அப்ப வித்துருவோம். கையில நாலு காசு மிஞ்சுற நேரத்துலயே வித்துருவோம்."

வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் கைக்காசு கொடுத்து வீட்டை வாங்கினார். கடன் தீர்ந்தது, கொஞ்சம் மிஞ்சியது. உறுதியைக் கையில் கொடுத்து, அடமான ஈடு நீங்கியது என்று கையெழுத்து வாங்கியது நான்தான். பழனியாண்டி அந்த உறுதியை வாங்கி நெஞ்சோடு ஒருமுறை வைத்துக்கொண்டு, அப்படியே வாங்குகிறவர் கையில் கொடுத்தார். குடும்பம் தம்பியின் லயத்துக்குத் திரும்பியது. இரண்டு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா, சமைக்க ஒரு குசினி. குசினியில் இடமில்லாமல், மழை நாளிலும் புஷ்பம் இஸ்தோப்புத் திண்ணையின் ஓரத்தில் செங்கல் கூட்டி அடுப்பு மூட்டுவாள் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு வட்டி இறங்கியது. சாமான் விலை ஏற்றம் அடங்கியது, ரூபாய் நிமிர்ந்தது, கொழும்பில் படிப்படியாகக் குறைத்தார்கள். நம் கிளையில் சற்றுப் பிந்தி, பழைய வைப்புகள் முடிய முடியக் குறைந்தது. அந்த ஒரு வருடக் கெடு முடியும் முன்பே, பழனியாண்டியும் மகளும் சேர்ந்து கட்டக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் பஸ் ஹோல்ட்டில் பழனியாண்டியைக் கண்டேன். அவர்தான் பேசினார்.

"வட்டி இப்ப எப்படிண்ணே?"

சொன்னேன். தலையை ஆட்டினார்.

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"சத்தியமா தெரியாது பழனி."

"அதான் நானும் புஷ்பத்துகிட்ட சொல்றேன். அவ நம்பமாட்டேங்குறா. தெரிஞ்சே வாய மூடிக்கிட்டீங்கன்னு சொல்றா. பேங்க் ஆளு பேங்க் பக்கம்தான் நிப்பான்னு."

அன்று பின்னேரமே அவர்கள் லயத்துக்குப் போனேன். புஷ்பம் என்னை உட்காரச் சொன்னாள், பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள், சீனியும் தந்தாள். எனக்கு உண்மையிலேயே தெரியாது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் சொன்னாள்:

"சரிண்ணே, தெரியாதுன்னே வச்சிக்குவோம். தெரியாதுன்னு சொல்லி நீங்க சாமிக்கு நல்லவராப் போயிட்டீங்க. எங்களுக்கு அடுப்பு வைக்க எடமில்லாமப் போச்சு."

கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். அதே சூடத்துக்கு முன்னால் இன்றைக்கு நிறுத்தினாலும் நான் அதையேதான் சொல்வேன். ஆனால் அதைச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வட்டி குறைவாக இருக்கும் நாளில், "குறைவு" என்று சொல்லும் அதே மூச்சில், ஏறினால் தவணை எவ்வளவு வரும் என்பதையும் ரூபாயில் சொல்லுங்கள். அவர் சிரித்துச் சமாளித்தால், சிரிப்பு அடங்கும்வரை இருந்து இன்னொருமுறை சொல்லுங்கள். சூடம் கொளுத்தும் இடத்துக்கு வந்துவிட்டால் பிறகு நம் கையில் ஒன்றும் இல்லை. கடன் கொடுக்கும் நாளில்தான் எல்லாம் இருக்கிறது.

தோட்டத்தில் இப்போது இந்தக் கதை இரண்டு விதமாக நடமாடுகிறது. தெரிந்தும் மறைத்துவிட்டான் என்று ஒன்று. சாமிக்குப் பயந்த உத்தமன் என்று இன்னொன்று. இரண்டும் நடக்காதவை. நீங்கள் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், நடந்தபடி சொல்லுங்கள். எனக்குத் தெரிந்திருந்தது என்று கூட்டவேண்டாம். நான் செய்தது நல்லதாக முடிந்தது என்று திருத்தவும் வேண்டாம். புஷ்பம் கோப்பையை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் சொன்னதை, என் மரியாதையை நினைத்து யாரும் மென்மையாக்கிவிட வேண்டாம். அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்.